தீயைக் கூட்டினால் கொதிக்கிற தண்ணீர் இன்னும் சூடாகுமா?

கேள்வி: மலேசியாவின் பீடோர் ஊர் வாசகி ஒருவர், 5.7.2025

என் மகள் ஆண்டு 6 படிக்கிறாள். அறிவியல் பயிற்சியில் ஒரு கேள்வி. பாத்திரத்தில் நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, தீயை இன்னும் கூட்டினால் நீரின் வெப்பநிலை என்ன ஆகும்? மகள் "கூடும்" என்று எழுதினாள். தவறு, "மாறாது" என்பதுதான் விடையாம். நான் இருபது வருடமாகச் சமைக்கிறேன். தீயைக் கூட்டினால் சூடு கூடாமல் வேறு என்ன ஆகும்? பிள்ளை அழுதுவிட்டாள். யாராவது விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5.7.2025, இரவு 9.40

தங்கச்சி, விடை "மாறாது"தான். ஆனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். நான் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் 27 வருடம் பாய்லர் பார்த்தவன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் உங்கள் மகளைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் "சூடு" என்கிற சொல்லில் இருக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டு "உடம்பு சூடா இருக்கு" என்கிறோம், அது வெப்பநிலை, வெப்பமானி காட்டுகிற எண். "அடுப்புச் சூடு பத்தல" என்றும் சொல்கிறோம், அது வெப்பம், தீயிலிருந்து பாத்திரத்துக்குள் போகிற சரக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் சரக்கு உள்ளே போனால் எண்ணும் ஏறியே ஆக வேண்டும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. 30 டிகிரியிலிருந்து 100 வரைக்கும் அப்படித்தான் நடக்கும். 100ஐத் தொட்டதும் எண் நின்றுவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் ஒரு டிகிரி கூட ஏறாது. தண்ணீர் சீக்கிரமாக ஆவியாகிக் குறையும், அவ்வளவுதான்.

6.7.2025, காலை 7.15

நேற்று இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். "எவ்வளவு தீ வைத்தாலும் ஏறாது" என்று எழுதிவிட்டேன். திறந்த பாத்திரத்தில்தான் அது உண்மை. மூடி இறுக்கி, ஆவியை வெளியே விடாமல் அழுத்தம் ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். பிரஷர் குக்கரில் விசில் வருவதற்கு முன் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. நான் பார்த்த பாய்லரில் 20 பார் அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு, அதற்குள் தண்ணீர் 210 டிகிரிக்கும் மேலே போய்த்தான் கொதிக்கும். அந்தக் கேள்வித்தாளில் "திறந்த பாத்திரத்தில்" என்று ஒரு சொல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

9.7.2025

தங்கச்சி மறுபடியும் கேட்டிருக்கிறார்: "அப்படி என்றால் நான் தீயைக் கூட்டும்போது சாம்பார் சீக்கிரம் வேகிறதே, அது எப்படி?"

பதிலை வாயால் சொல்வதை விடச் செய்தே பார்த்துவிடலாம் என்று நேற்று மாலை வீட்டில் உட்கார்ந்தேன். ஒரே அளவு பானை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரே பருமனில் வெட்டிய உருளைக்கிழங்கு ஆறு ஆறு துண்டு. இரண்டையும் கொதிக்க விட்டேன். கொதி வந்ததும் ஒன்றைச் சிறு தீயில், குமிழி மெல்ல மேலே வருகிற அளவுக்கு வைத்தேன். மற்றதை முழுத் தீயில், தண்ணீர் துள்ளித் துள்ளி அடுப்பில் சிந்துகிற அளவுக்கு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிற மாதிரி கண்ணாடி வெப்பமானி ஒன்று என்னிடம் உண்டு, பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்க வாங்கியது. இரண்டு பானையிலும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். இரண்டிலும் 99. ஐந்து நிமிடம் கழித்தும் 99. பதினைந்து நிமிடம் கழித்தும் 99.

கிழங்கு? இரண்டிலும் ஒரே நேரத்தில் வெந்தது. கத்தி முனையால் குத்திப் பார்த்தோம், என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு குத்தினார், எந்தப் பானைக் கிழங்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் 20 நிமிடம் முடிந்ததும் தண்ணீரை அளந்தபோது சிறு தீப் பானையில் 800 மில்லி சொச்சம் இருந்தது, முழுத் தீப் பானையில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

அந்த அரை லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு மட்டும் செலவான வெப்பத்தைக் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 ஜூல் (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கிற அலகு). அதே ஒரு கிராம் 100 டிகிரியில் ஆவியாக 2260 ஜூல். ஆக, அரை லிட்டர் ஆவியாவதற்கு 1130 கிலோஜூல். அதே வெப்பத்தை 30 டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட நான்கு லிட்டரைக் கொதி வரைக்கும் கொண்டு வந்திருக்கலாம். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு கொடுத்து வாங்குகிறோம், அதில் ஒரு பங்கு இப்படிச் சமையலறைக் கூரைக்கு ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, சாம்பார்? கொதி வருவதற்கு முன் தீயைக் கூட்டினால் கொதி சீக்கிரம் வரும், அது உண்மை, தங்கச்சியின் அனுபவம் அதுதான் என்று நினைக்கிறேன். கொதி வந்த பிறகு கூட்டினால் பருப்பு வேகிற வேகம் மாறாது. சாம்பார் கெட்டியாக இருப்பதால் அடியில் இருப்பது மேலே ஏறி வர முடியாமல் பாத்திரத்தோடு ஒட்டிக் கருகும், அது வேறு கதை. அங்கே அடியில் தண்ணீர் வற்றிவிடுகிறது, தண்ணீர் வற்றிய இடத்தில் 100 என்கிற வேலி கிடையாது.

10.7.2025

"99 என்று போட்டிருக்கிறீர்கள், 100 என்று சொன்னீர்களே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. வெப்பமானியைச் சோதிக்க வேண்டும். ஐஸைப் பொடியாக உடைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் வெப்பமானியை வைத்தால் 0 காட்ட வேண்டும். என்னுடையது 0க்கு ஒரு டிகிரி கீழே காட்டுகிறது. அங்கேயும் ஒன்று குறைவு, கொதிக்கிற தண்ணீரிலும் ஒன்று குறைவு. இனி இந்த வெப்பமானி சொல்வதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் முதலில் இந்த ஐஸ் சோதனையைச் செய்துவிடுங்கள்.

உப்பு பற்றியும் ஒருவர் கேட்டார். உப்பு போட்டால் கொதிநிலை ஏறும், ஆனால் ஒரு லிட்டருக்கு 58 கிராம் உப்பு போட்டால்தான் ஒரு டிகிரி ஏறும். அந்தச் சாம்பாரை யாரும் வாயில் வைக்க முடியாது.

14.7.2025

மூன்று நாளாக ஒரே கேள்வி எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, வெப்பம் உள்ளே போகிறது, எண் ஏறவில்லை, அப்புறம் அது எங்கேதான் போகிறது? பள்ளியில் "உள்ளுறை வெப்பம்" என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் டியூஷனில் அப்படித்தான் செய்திருக்கிறேன், அது சரியில்லை.

தண்ணீர்த் துகள்கள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தீபாவளிக்கு முதல் நாள் பீடோர் சந்தை நெரிசலில் ஆளோடு ஆள் ஒட்டி நகர்கிற மாதிரி. 30லிருந்து 100 வரை கொடுக்கிற வெப்பம் அவற்றை வேகமாக ஆட வைக்கிறது, அந்த ஆட்டத்தைத்தான் வெப்பமானி எண்ணாகக் காட்டுகிறது. 100க்கு வந்த பிறகு கொடுக்கிற வெப்பம் ஆட்டத்தைக் கூட்டுவதில்லை, பிடியை அறுத்துத் துகளை வெளியே விடுகிறது. வெளியே போன துகள் பழைய வேகத்தில்தான் போகிறது, அதனால் கொதிக்கிற தண்ணீரும் அதிலிருந்து கிளம்புகிற ஆவியும் ஒரே 100 டிகிரி. பிடியை அறுத்ததற்கான செலவு வெப்பமானிக்குத் தெரியாது.

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1760களில். அவர் செய்தது எளிமையான வேலை. ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாத்திரம் இரண்டு, ஒன்றில் உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர், மற்றதில் அதே எடைக்கு ஐஸ். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தார். தண்ணீர் சில டிகிரி ஏற அரை மணி நேரம் போதுமாக இருந்தது, ஐஸ் உருகி அதே வெப்பநிலைக்கு வருவதற்குப் பத்தரை மணி நேரம் ஆனது. கூடம் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், பத்து மணி நேரமாக ஐஸ் வாங்கிய வெப்பம் வெப்பமானியில் தெரியவே இல்லை. இப்படி இல்லாமல், உருகுநிலையைத் தொட்டதும் பனி எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீராகிவிடுமானால் குளிர்நாடுகளில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் அவர் வாதிட்டார். இன்றைய கணக்கில் ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். அதே வெப்பம் 0 டிகிரித் தண்ணீரைக் கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏற்றிவிடும்.

போன வெப்பம் தொலைந்துவிடுவதும் இல்லை. ஆவி தண்ணீராகும்போதும், தண்ணீர் உறையும்போதும், பால் உறையும்போதும் அது அப்படியே திரும்பி வரும்.

16.7.2025

9ஆம் தேதிக் குறிப்பில் "கூரைக்கு ஆவியாகப் போகிறது" என்று எழுதினேன். ஒரு தம்பி "ஆமாம், வெள்ளையாகப் புகை மாதிரி போகிறதே, அதுதானே ஆவி" என்கிறார். இதை விளக்காமல் விட்டால் ஆபத்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெள்ளையாகத் தெரிவது ஆவி கிடையாது. அது ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகி நிற்கிற நுண்துளிகள், மேகம் மாதிரி. கெட்டிலின் மூக்கைக் கவனியுங்கள், வாயை ஒட்டி அரை அங்குலத்துக்கு ஒன்றுமே தெரியாது, அதற்கு அப்புறம்தான் வெள்ளை தொடங்கும். அந்த ஒன்றுமே தெரியாத இடம்தான் உண்மையான நீராவி.

பாய்லர் அறையில் சேர்ந்த முதல் வாரமே பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "சத்தம் கேட்டு வெள்ளை தெரியலன்னா கையை நீட்டாத, தொடப்பக் கட்டையை நீட்டு." ஸ்டீம் குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று சத்தம் மட்டும் வரும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே போனால் ஆவி அடிக்கிற இடத்தில் கட்டை அதிரும்.

நான் இதைக் கேட்டும் ஒரு நாள் மறந்தேன். இரவு ஷிப்ட், குழாய் இணைப்பு ஒன்றில் கேஸ்கெட் நைந்து போயிருந்தது, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தும் மாற்றாமல் கிடந்தது. வால்வைத் திருகக் கையை விட்டேன், ஒரு நொடிதான் இருக்கும். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கையுறை மாதிரி உரிந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் அதற்கு முன் பலமுறை கையில் பட்டிருக்கிறது, கொப்புளம் வந்து ஆறிவிடும். இது அப்படி ஆறவில்லை, ஏழு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் கையில் பட்டு உடம்புச் சூட்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 265 ஜூல் கொடுக்கும். 100 டிகிரி ஆவி ஒரு கிராம் பட்டால் முதலில் தண்ணீராகும், அந்த இடத்திலேயே 2260 ஜூல், அப்புறம் இன்னொரு 265. ஒன்பது மடங்குக்கும் மேல். வெப்பமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிற யாராக இருந்தாலும் மதிப்பெண்ணுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது சொல்லிவிடுங்கள். குக்கர் மூடியைத் திறக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

17.7.2025

நேற்று எழுதியது பயமுறுத்திவிட்டது என்று சிலர் சொன்னார்கள். ஆவியின் இதே குணத்தால்தான் ஆலையே ஓடுகிறது. செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை அடைத்து, 3 பார் அழுத்தத்தில் சுமார் 140 டிகிரி ஆவியை விடுவார்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஆவி குலைக்குள் நுழைந்து குளிர்ந்த பழத்தைத் தொட்ட இடத்திலெல்லாம் தண்ணீராகி வெப்பத்தைக் கொட்டிவிடும். பழம் காம்பை விட்டு உதிரத் தயாராகும், எண்ணெயைப் புளிக்க வைக்கிற நொதியும் செத்துவிடும். சூடான காற்றை விட்டால் இந்த வேலை நடக்காது, காற்றிடம் கொட்டுவதற்கு அவ்வளவு வெப்பம் கிடையாது. அந்த ஆவியை உண்டாக்க எரிப்பதும் பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான். வெயிலில் இருந்து மரம் வாங்கி வைத்த சக்தி பாய்லரில் வெப்பமாகி, டர்பைனைச் சுழற்றி மின்சாரமாகி, மிச்சம் குலையை வேக வைக்கிறது. "சக்தி உருமாற்றம்" என்று பாடத்தில் அம்புக்குறி போட்டுப் படிக்கிறார்களே, அதை எஸ்டேட்டுப் பிள்ளைகள் ஆலை வாசலில் நின்றாலே பார்த்துவிடலாம்.

2.8.2025

வெயில் தாங்கவில்லை. வேர்வை பற்றி எழுதலாம்.

திருச்சிப் பக்கம் சித்தப்பா வீட்டுக்கு ஒரு தடவை மே மாதம் போயிருந்தேன். வெளியே அனல். மூலையில் மணல் குவித்து அதன் மேல் மண்பானை, ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. ஆசைப்பட்டு இங்கே வந்து அதே மாதிரி பானை வாங்கி, மணல் குவித்து, துணியும் சுற்றி வைத்தேன். தண்ணீர் லேசாகக் குளிர்ந்ததோடு சரி. பானை சரியில்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பானையில் ஒரு குறையும் இல்லை. பானையின் துளை வழியே கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது அதற்கான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் உள்ளே குளிர்கிறது. கொதிக்காமலேயே ஆவியாகலாம் என்பதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் தங்கச்சி, அது அடுத்த தேர்வில் வரும், கொதித்தல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தண்ணீர் முழுவதும் நடக்கும், ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் மட்டும் நடக்கும். திருச்சிக் காற்று மே மாதத்தில் காய்ந்து கிடக்கிறது, எவ்வளவு ஆவி வந்தாலும் வாங்கிக்கொள்கிறது. நம் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள இடம் குறைவு.

உடம்பும் ஒரு பானைதான். ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் 2400 கிலோஜூல் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டித் தரையில் விழுந்த வேர்வையால் அந்தப் பயன் இல்லை. குலை வெட்டுகிறவர்கள் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஊற்றும், அவ்வளவு வேர்த்தும் உடம்பு ஆறவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் நம் பக்கத்தில் 33 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடுகிறது. என் அப்பா காட்டில் மயங்கி விழுந்த நாளும் வானம் மூடிப் புழுங்கிக்கிடந்தது, வெயில் அவ்வளவு இல்லை. "வெயிலே இல்லையே, எப்படி விழுந்தார்" என்று எல்லாரும் கேட்டார்கள், எனக்கு விடை கிடைக்கப் பல வருடம் ஆனது.

மரமும் வேர்க்கிறது. ரப்பர் பாலுக்காகப் பால்மரத்துப் பட்டையை ஏன் விடியற்காலை இருட்டில் வெட்டினார்கள்? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா கிளம்புவார், ஆயாக்கொட்டகையில் என்னை விட்டுவிட்டு. வெயில் ஏறினால் இலை வழியே தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், பட்டைக்குள் இருக்கிற அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். இரவெல்லாம் தண்ணீர் குடித்து மரம் விம்மி நிற்கிற நேரத்தில் வெட்டினால்தான் பால் பிடிக்கிற மங்கு (கிண்ணம்) நிறையும்.

3.8.2025

தே தாரிக் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆமாம், அதுவும் இதுதான். இழுத்து ஆற்றும்போது மேற்பரப்பு பெரிதாகிறது, ஆவியாவது கூடுகிறது, தேநீர் சீக்கிரம் ஆறுகிறது. நுரை கூடுதல் லாபம்.

11.8.2025

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். ஜூலை 14ஆம் தேதிக் குறிப்பில் "பால் உறையும்போதும் வெப்பம் திரும்பி வரும்" என்று நான் எழுதியதைச் சுட்டிக்காட்டி, "இது தவறு, மாணவன் எழுதினால் நான் அடித்துவிடுவேன்" என்கிறார். ஐயா சொல்வது சரி. திருத்திக்கொள்கிறேன்.

தண்ணீர் உறைகிறது, தயிருக்குப் பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது என்று தமிழில் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். எஸ்டேட்டில் வளர்ந்த நமக்கு ரப்பர் பாலும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டோரில், அதாவது பால் சேர்க்கிற கொட்டகையில், தொட்டியில் ஃபார்மிக் ஆசிட் கலந்து ஊற்றினால் பால் கட்டிவிடும், அதைத் தட்டையான ஷீட்டாக அடிப்பார்கள். பார்வைக்குத் திரவம் திடமானது மாதிரி இருக்கும். ஆனால் ஐஸைச் சூடாக்கினால் தண்ணீர் திரும்பி வரும், கட்டிப்பாலைச் சூடாக்கினால் ரப்பர் பால் திரும்பி வருமா? வராது. பாலுக்குள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த ரப்பர்த் துணுக்குகள் ஆசிட் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தண்ணீர் தண்ணீராகவே பிரிந்துவிட்டது. தயிரும் அந்த வகைதான். குளிரவைத்ததால் நடந்தது எதுவும் இல்லை. பிள்ளைகள் "உறைதலுக்கு எடுத்துக்காட்டு" என்ற கேள்விக்கு ரப்பர் பால் என்று எழுதினால் அவர்களிடம் கோபப்படாமல் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஐயா, அடிக்க வேண்டாம்.

உண்மையான உறைதலுக்கு நம் சமையலறையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும். பீடோரில் மழை பெய்த விடியற்காலையில் போத்தலின் அடியில் லேசாக வெள்ளை படியும், அவ்வளவுதான். கேமரன் மலையில் இருக்கிற என் மைத்துனி வீட்டில் வருடம் முழுக்க அது கட்டி, வெந்நீரில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அதே எண்ணெய், ஒரு மாற்றமும் இல்லை. செம்பனை எண்ணெய் இன்னும் சுவாரசியம், அது தண்ணீர் மாதிரி ஒரே டிகிரியில் உறைவதில்லை. பல வகைக் கொழுப்பின் கலவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு உருகுநிலை. மெதுவாகக் குளிர வைத்தால் சில வகை முதலில் கட்டியாகும், வடிகட்டினால் திரவம் தனி, கட்டி தனி. திரவப் பகுதிதான் நாம் வாங்குகிற சமையல் எண்ணெய், கட்டிப் பகுதி மார்ஜரினுக்கும் சோப்புக்கும் போகிறது. 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்குகிறதே, கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றியது. அது கலப்படம் இல்லை, அந்த எண்ணெயின் இயல்பு. அந்தக் காணொளியை யாரும் இனி அனுப்பாதீர்கள்.

12.8.2025

ரப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது, பாடத்தில் இல்லை, ஆனால் ரப்பர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்துச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வையுங்கள், சுடும். இழுத்தபடியே கொஞ்சம் பிடித்து வைத்து, ஆறியதும் விட்டுவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள், குளிரும். 1805இல் இதை எழுதி வெளியிட்டவர் ஜான் கஃப் என்கிற ஆங்கிலேயர். அவருக்குக் கண் தெரியாது. உதட்டால் தொட்டுத்தான் கண்டுபிடித்தார். நான் இதைப் படித்த அன்று வீட்டில் இருந்த அத்தனை பேர் கையிலும் ரப்பர் பேண்டைக் கொடுத்துவிட்டேன்.

1.9.2025

மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறைக்குக் கேமரன் மலையில் இருக்கிற மைத்துனி வீட்டுக்குப் போனோம். தாப்பாவிலிருந்து மலை ஏற மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது, வண்டி நெரிசல். கேள்வி கேட்ட தங்கச்சியும் அவர் மகளும் கூட வந்தார்கள், இந்தக் கேள்வி-பதில் இழையால் கிடைத்த பழக்கம். வெப்பமானியை நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

மைத்துனி இருக்கிற தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேலே 1440 மீட்டர் அளவில் இருக்கிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். கணக்குப்படி 95 வர வேண்டும். அடுப்பை மூட்டிக் கொதிக்க வைத்தோம், பிள்ளைதான் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, 94ல நிக்குது." ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று அவளே சொன்னாள். 95.

மைத்துனி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் இங்க பருப்பு வேக இவ்வளவு நேரம் ஆகுதா? நான் தண்ணிய குறை சொல்லிட்டு இருந்தேன்" என்றார். அவர் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பே வைப்பதில்லை. மேலே காற்றழுத்தம் குறைவு, துகள்கள் சீக்கிரமே தப்பித்துவிடுகின்றன, தண்ணீர் 95லேயே கொதித்துவிடுகிறது, தீயைக் கூட்டினாலும் 95தான். குக்கர் மூடி அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

7.9.2025

பிள்ளை கொதித்த தண்ணீரின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வரைபடம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். 28இல் தொடங்கிச் சாய்ந்து ஏறி, 99இல் படுத்துவிட்டது கோடு. "தண்ணி எல்லாம் தீந்த பெறகு கோடு எங்க போகும் தாத்தா?" என்று கேட்டாள்.

ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெப்பமானி 110 வரைதான், காய்ந்த பானையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்பாத்திரத்தை எடுத்துவிட்டு நடுவில் இருக்கிற வட்டத் தகட்டை அமுக்கிக் காட்டினேன், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிற காந்தம். அரிசியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் பாத்திரத்தின் அடி 100ஐ ஒட்டியே நிற்கும். தண்ணீரை அரிசி குடித்து மிச்சம் ஆவியாகிப் போனதும் அடி ஏறத் தொடங்கும், 103 டிகிரி அளவில் அந்தக் காந்தம் தன் இழுவையை இழந்துவிடும், ஸ்பிரிங் தள்ளிவிடும், டக். சோறு வெந்ததா என்று அது பார்ப்பதே இல்லை, கோடு எப்போது மறுபடி ஏறுகிறது என்றுதான் காத்திருக்கிறது. 1955இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கிக் குக்கரும் இதே எண்ணத்தில்தான் வந்தது, அதில் வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சுவிட்ச் அணையும்.

ஒரு குவளை அரிசி போட்டு மூடிவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிள்ளை கையில் பென்சிலோடு காத்திருந்தாள். டக் என்றதும் தன் வரைபடத்தில் படுத்துக்கிடந்த கோட்டின் முனையிலிருந்து மேல் நோக்கி ஒரு சிறு கோடு இழுத்து, பக்கத்தில் "சோறு" என்று எழுதினாள்.